திரும்பி வராத ராக்கெட்டுகள்

போன மே மாதம் கடலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில், டிவிக்கு மேலே புதிதாக ஒரு ஃபிரேம் மாட்டியிருந்தது. உள்ளே தங்க நிற எழுத்தில் ‘இளம் ராக்கெட் விஞ்ஞானி’ என்று போட்டு, கீழே அக்கா பையனின் பெயர். பயல் அப்போதுதான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தான்.

“என்னடா இது?”

“சம்மர் கேம்ப் மாமா. ஒரே நாள். ராக்கெட் விட்டோம்.”

“நீ விட்டியா?”

“சார் விட்டாரு. நாங்க கவுண்ட்டவுன் சொன்னோம்.”

விசாரித்தேன். கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். நாற்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒரு கிட். உள்ளே அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, ஏற்கெனவே வெட்டிய துளைகளில் செருக வேண்டிய நான்கு இறக்கைகள், கொடி போட்ட ஸ்டிக்கர். நாற்பது ராக்கெட் ஒட்டப்பட்டன. மேலே போனது ஒன்று. அது சார் கொண்டுவந்தது. ஒட்டிய நாற்பதும் மாணவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டன. அக்கா பையனின் ராக்கெட் ஷோகேஸில், கொலு செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது பறக்கவே இல்லை. ஆனால் அதற்கு சர்டிஃபிகேட் உண்டு.

“றெக்கை எதுக்குடா இருக்கு?” என்று கேட்டேன்.

“ராக்கெட்னா றெக்கை இருக்கும்ல மாமா” என்றான்.

இந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொறியியல் படித்து முடித்த நாளில் என்னை யாராவது அதே கேள்வி கேட்டிருந்தால், கொஞ்சம் நீளமான வாக்கியத்தில் அதையேதான் சொல்லியிருப்பேன். எட்டு செமஸ்டர் ‘ஸ்டெபிலிட்டி’ என்ற சொல்லை எழுதி மார்க் வாங்கினவன் நான். ஒரு பொருள் ஏன் நேராகப் போகிறது என்பதைக் கையால் தெரிந்துகொண்டது முப்பது வயதுக்கு மேல்தான்.

*

மாதிரி ராக்கெட் என்கிற பொழுதுபோக்கு எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இதை நாஸாவின் குட்டித்தம்பி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இது ஒரு செருப்புக் கடையில் பிறந்தது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற சிற்றூர். அங்கே செருப்புக் கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கைப் பைத்தியம். 1954ல் தன் சகோதரரோடு சேர்ந்து காகிதக் குழாயில் ஒரு சிறு ராக்கெட் செய்தார். உள்ளே மாற்றக்கூடிய ஒரு மோட்டார், மேலே ஒரு சின்ன பாராசூட். ஏறும், விரியும், இறங்கும். அதே ஆண்டுகளில் அந்நாட்டுப் பையன்கள் வீட்டுக் கொல்லையில் இரும்புக் குழாயில் எதையெதையோ திணித்து வெடிக்கவைத்து, விரலையும் கண்ணையும் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராணுவ ஏவுதளமான ஒயிட் சேண்ட்ஸில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் இந்த ஆபத்தைப் பற்றி 1957ல் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல் தன் காகித ராக்கெட்டை அவருக்கு அனுப்பிவைத்தார். இருவரும் சேர்ந்ததில் ஒரு தொழில், ஒரு சங்கம், ஒரு பாதுகாப்பு விதித்தொகுப்பு மூன்றும் பிறந்தன. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் போனது. அதற்குப் பிறகு எந்தப் பையனையும் கட்டிவைக்க முடியாது. ஆனால் அதற்குள் அவன் கையில் கொடுக்க, வெடிக்காத ஒன்று தயாராகியிருந்தது. அடுத்த ஆண்டே வெர்ன் எஸ்டெஸ் என்பவர் சில வினாடிக்கு ஒரு மோட்டார் என்று தள்ளும் இயந்திரத்தையே கட்டிவிட்டார்.

அந்த விதிகள் மிகவும் எளியவை. உடல் காகிதம், மரம், பிளாஸ்டிக் மாதிரி இலேசான பொருளில் இருக்கவேண்டும். மோட்டாரை நீ செய்யாதே. சோதித்துச் சான்றளித்ததைக் கடையில் வாங்கு. தீக்குச்சி கிடையாது, மின்கம்பி வழியாக, சிறிய மோட்டாருக்குப் பதினைந்து அடி தள்ளி நின்று பொத்தானை அழுத்து. பற்றவில்லையா, அறுபது வினாடி கிட்டே போகாதே. கடைசி விதிதான் எனக்கு முக்கியம்: ராக்கெட் சேதமில்லாமல் திரும்பி வந்து மறுபடி பறக்க வேண்டும்.

மோட்டாரின் மேல் ‘சி6-5’ என்று அச்சடித்திருக்கும். சி என்பது மொத்த உந்தம், பத்து நியூட்டன்-வினாடிக்குள். ஒவ்வொரு எழுத்துக்கும் அது இரட்டிப்பாகும். 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும்வரை காத்திருக்கும் வினாடிகள். ஒரு வெடிப்பொருளின் மேல் அது என்ன செய்யும் என்று மூன்று குறியில் எழுதியிருக்கிறது. தீபாவளி ராக்கெட் பெட்டியை எடுத்துப் பாருங்கள். சாமி படம் இருக்கும், சினிமா நடிகை படம் இருக்கும், ராட்சசன் படம் இருக்கும். எத்தனை அடி போகும், எத்தனை வினாடி எரியும், எங்கே விழும் என்பது இருக்காது. பக்கத்து வீட்டு வைக்கோல் போர் அதைக் கண்டுபிடிக்கும்.

போட்டிகளும் அப்படித்தான். 1972ல் யூகோஸ்லாவியாவில் முதல் உலகப் போட்டி நடந்ததிலிருந்து இன்றுவரை, பாராசூட்டோடு எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்பது ஒரு பிரிவு. ரிப்பனோடு எவ்வளவு நேரம் என்பது இன்னொன்று. 2003லிருந்து அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் போட்டியில் ராக்கெட்டுக்குள் பச்சை முட்டையை வைத்து அனுப்புகிறார்கள். முட்டை உடைந்தால் அந்தப் பறத்தல் செல்லாது. உயரமும் நேரமும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். அதிக உயரம் போனவன் அங்கே ஜெயிப்பதில்லை. சொன்ன உயரத்துக்கும் சொன்ன நேரத்துக்கும் மிக அருகில் வந்தவன் ஜெயிக்கிறான். குறைந்த மார்க் எடுத்தவன் முதலிடம். இதை நம் பெற்றோரிடம் விளக்கிப் பாருங்கள்.

*

இப்போது நம் பக்கம்.

2023 பிப்ரவரி 19 அன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பட்டிபுலத்திலிருந்து ஒரு ஹைபிரிட் ராக்கெட் ஏவப்பட்டது. ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் பங்கேற்ற திட்டம். 150 ‘பிக்கோ செயற்கைக்கோள்கள்’ அதில் போயின. செய்தித்தாள்களில் முதல் பக்கம். அதற்கு முன்னால், 2017 ஜூன் 22 அன்று, கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி இளைஞர் ஒருவர் முன்னின்று செய்த 64 கிராம் எடையுள்ள ‘கலாம்சாட்’ அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து போனது. ‘உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள்’ என்று தலைப்பு வந்தது.

இரண்டையும் நான் கேலி செய்யவில்லை. அவற்றுக்குப் பின்னால் உண்மையான உழைப்பு உண்டு. நான் கேட்பது ஒரு சொல்லைப் பற்றி மட்டும். பூமியைச் சுற்றுவதற்குப் பெயர்தான் செயற்கைக்கோள். இந்த இரண்டு ராக்கெட்டும் ஏறி இறங்கியவை. சுற்றுப்பாதைக்குப் போகவில்லை, போவதற்காகக் கட்டப்படவும் இல்லை. மேலே போய்க் கீழே வந்த ஒரு கருவிக்குக் ‘கருவி’ என்ற நல்ல பெயர் இருக்கிறது. ஏன் கோள் என்கிறோம்? சிறுமிக்குக் ‘கருவி’ போதும்; காற்றழுத்தம் அளந்தாள், வெப்பநிலை அளந்தாள், போதும். தலைப்புக்குத்தான் கோள் தேவைப்படுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அறிவியலில் முதலில் கற்றுக்கொள்வது ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்தினால் கைதட்டல் கிடைக்கும் என்பது. இது சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒருவர் எழுந்து என்னைக் கேட்பார் என்று தெரியும். “நீங்க பெங்களூர்ல ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதுறீங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைங்க. பாதிப் பேர் முதல் தடவையா ஊரைத் தாண்டி வந்திருப்பாங்க. அதுவும் வேண்டாமா?”

நியாயமான கேள்வி. சிதம்பரத்தில் நான் படித்த காலத்தில் அப்படி ஒரு பஸ் வந்து என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு ராக்கெட் ஏறுவதைக் காட்டியிருந்தால், என் வாழ்க்கை மாறியிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ் திரும்பிய பிறகு என்ன? அந்தப் பிள்ளை ஊருக்குப் போய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதைச் செய்யும்? பத்து கிலோமீட்டருக்குள் அவள் பறக்கவிடக்கூடிய இரண்டாவது ராக்கெட் எங்கே? ஏழைப் பிள்ளைக்கு ஒரு நாள் திருவிழா போதும், வசதியான பிள்ளைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஸ்டிக்கர் போதும் என்று முடிவுசெய்தது யார்? இரண்டு பேரையும் கவுண்ட்டவுன் சொல்லத்தான் கூப்பிடுகிறோம்.

*

ராக்கெட் என்றதும் நமக்குப் பழம்பெருமை வந்துவிடும். அதுவும் எங்கள் ஊர்ப் பக்கம் சொல்லவே வேண்டாம். 1781 ஜூனில், ஹைதர் அலியின் ஆட்கள் கோட்டையாக்கி வைத்திருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கப் போய் அயர் கூட் அடிவாங்கித் திரும்பினார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் பெரும் போர். மைசூர்ப் படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளுக்குப் பெயர்போனது. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவை இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றை வைத்துத்தான் தன் ராக்கெட்டைச் செய்தார். ‘நம்மகிட்டேர்ந்துதான் எடுத்தான்’ என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வருகிறது. உண்மைதான். எடுத்து அவர் என்ன செய்தார் என்பது அதில் வருவதில்லை. எடையை மாற்றி, குச்சியின் நீளத்தை மாற்றி, எவ்வளவு தூரம் போகிறது என்று மறுபடி மறுபடி விட்டு அளந்தார். திப்புவிடமும் எழுத்து இருந்தது. அவருடைய படைக் கையேட்டில் ராக்கெட் பிரிவுக்கு இடம் உண்டு. நாம் அந்த நோட்டைத் தொலைத்துவிட்டு ராக்கெட்டின் பெருமையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

‘வாணம்’ என்று நமக்குச் சொந்தச் சொல்லே இருக்கிறது. திருவிழாவில் வாணம் விடுகிறவர் கண் பார்த்தே மருந்தின் அளவு சொல்லுவார். அவரை எந்தப் பள்ளியாவது ஒரு பாட வேளைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறதா? கேம்புக்கு வருகிறவர் டை கட்டியிருக்க வேண்டும்.

இதைவிடக் கசப்பான ஒன்று. 2020 செப்டம்பர் 4 அன்று, காட்டுமன்னார்கோயில் பக்கம் குருங்குடியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். இறந்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்குப் போன பெண்கள். நாட்டு வெடியும் வாணமும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அதற்கான கருமருந்தை அவர்கள் வெறுங்கையால் இடிக்கிறார்கள், திணிக்கிறார்கள். யாரும் அதை அறிவியல் என்று சொல்வதில்லை. அதே நேரம், சோதித்து முத்திரையிட்ட ஒரு சிறு மோட்டாரைப் பதினைந்து அடி தள்ளி நின்று ஒரு மாணவன் பொத்தானால் இயக்கலாமா என்று கேட்டால், “ஐயோ, ரிஸ்க் சார்” என்கிறது பள்ளி நிர்வாகம். ரிஸ்க் என்ற சொல் இங்கே ஆபத்தின் அளவைக் குறிப்பதில்லை. யாருடைய விரல் என்பதைக் குறிக்கிறது.

வெடிபொருள் சட்டம் 1884ல் வந்தது. தயாரிக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அந்த உரிமத்தின் கீழ் தீபாவளிக்கு முன்னால் மஞ்சக்குப்பத்தில் தற்காலிகக் கடை போட்டு, திசை தெரியாத ராக்கெட்டைப் பத்து வயதுப் பையனுக்கு ஊதுபத்தியோடு சேர்த்து விற்கிறார்கள். எண் அச்சடித்த, மின்சாரத்தால் பற்றும், பாராசூட்டோடு இறங்கும் ஒன்றை என் ஊரில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. விளைவு என்ன? ஆசை உள்ள பையன் யூட்யூப் பார்த்து எதையோ கலக்கிறான். நானும் கலந்தேன். ஹாஸ்டல் மொட்டை மாடியில், இரண்டாம் ஆண்டில். இடது ஆள்காட்டி விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. கூட இருந்த நண்பனுக்குப் புருவம் மட்டும் போனது. இரண்டு பேரும் அதிர்ஷ்டக்காரர்கள். கார்லைலின் செருப்புக் கடையில் தீர்ந்துபோன பிரச்சினையை அரை நூற்றாண்டு கழித்து நாங்கள் மறுபடி கண்டுபிடித்தோம்.

கல்லூரி மாணவர்களுக்கு இப்போது வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. 2025 அக்டோபரில் உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரில் இன்ஸ்பேஸ் அமைப்பு மாதிரி ராக்கெட் போட்டி நடத்தியது. நல்லது, மனதார வரவேற்கிறேன். ஆனால் இருபது வயதில் குஷிநகர் போகிறவன் பன்னிரண்டு வயதில் தேவனாம்பட்டினத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.

*

சரி, குறை சொல்லிவிட்டுப் பெங்களூருக்கு பஸ் ஏறுவது எளிது. அந்த மே மாதம் ஒரு வாரம் லீவு இருந்தது. அக்கா பையனை இழுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். மருந்து கிடையாது, தீ கிடையாது. குளிர்பான பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ரப்பர் கார்க்கில் சைக்கிள் ட்யூப் வால்வு, ஒரு பம்ப், நீளமான ஹோஸ். செலவு இருநூறு ரூபாய்க்குள்.

முதல் பாட்டிலில் இறக்கை இல்லை. ஏறின வேகத்தில் குட்டிக்கரணம் போட்டு எங்கள் தலைக்கு மேலேயே தண்ணீரைக் கொட்டியது. இரண்டாவதில் அட்டை இறக்கை ஒட்டினோம், முன்பக்கமாக. முன்னதைவிட மோசம்.

“ஏன் மாமா?”

பதில் சொல்லவில்லை. பாட்டிலைத் தராசு மாதிரி விரலில் நிறுத்திச் சமநிலைப் புள்ளியைக் குறிக்கச் சொன்னேன். பிறகு பாட்டிலின் நிழலை அட்டையில் வரைந்து வெட்டி, அதையும் விரலில் நிறுத்தச் சொன்னேன். முதல் புள்ளியில் எடை கூடுகிறது. இரண்டாவது, காற்று தள்ளும் இடம் ஏறக்குறைய. காற்று தள்ளும் இடம் எடை கூடும் இடத்துக்குப் பின்னால் இருந்தால், ராக்கெட் சாயும்போது காற்றே அதை நிமிர்த்திவிடும். முன்னால் இருந்தால் கவிழ்த்துவிடும். தீபாவளி ராக்கெட்டின் குச்சி செய்வதும் இதே வேலைதான். அவன் இறக்கையைப் பின்னால் மாற்றினான், மூக்கில் களிமண் வைத்தான். கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுழற்றிப் பார்த்தான். நேராகப் போனது. மூன்றாவது பாட்டில் விர்ரென்று ஏறியது.

ஏறிக் கடல் பக்கமாகத் திரும்பியது.

அது பதினொரு மணி. கடற்காற்று எழுந்துவிட்டது. காற்று கடலிலிருந்து வந்தால் பாட்டில் ஊர்ப் பக்கம்தானே போகவேண்டும், ஏன் கடலுக்குப் போகிறது என்று அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தான். வீசுகிற காற்று பின்னால் இருக்கும் இறக்கையைத்தான் முதலில் தள்ளுகிறது. அதனால் மூக்கு காற்றின் முகத்துக்குத் திரும்புகிறது என்று கடைசியில் அவனே மணலில் படம் போட்டான். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர், “கோழியும் காத்துக்கு எதுத்தாப்லதான் நிக்கும் தம்பி” என்றார். இத்தனை நாள் நான் கேட்ட ஏரோடைனமிக்ஸ் வகுப்புகளில் இதுதான் சுருக்கமானது.

நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். விதி ஒன்றே ஒன்று. விடுவதற்கு முன்னால் எவ்வளவு உயரம் போகும் என்று எழுத வேண்டும். விட்ட பிறகு அளந்ததை எழுத வேண்டும். அளக்க, முப்பது மீட்டர் தள்ளி நின்று பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிக் கோணம் பார்த்தோம். டேன் தெரியாது அவனுக்கு. கிராஃப் தாளில் முக்கோணம் வரைந்து ஸ்கேலால் அளந்தான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் தொழிலில் எந்த வேலைக்கும் முதலில் எத்தனை நாளாகும் என்று மதிப்பீடு சொல்ல வேண்டும். பத்து வருடமாகச் சொல்கிறேன், பத்து வருடமாகத் தவறுகிறது. ஆனால் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. என் டீமிலும் யாருக்கும் இல்லை. கவுண்ட்டவுன் மட்டும் நன்றாகச் சொல்வோம்.

*

ஆகவே என் கோரிக்கைகள். பெரிதாக ஒன்றும் இல்லை.

பள்ளிகளே, முதல் பறத்தலுக்கு சர்டிஃபிகேட் கொடுக்காதீர்கள். இரண்டாவது பறத்தலுக்குக் கொடுங்கள். அதே ராக்கெட், ஒட்டுப்போட்டு, அதே பிள்ளையின் கையால். சர்டிஃபிகேட்டில் ‘விஞ்ஞானி’ வேண்டாம். எதிர்பார்த்த உயரமும் வந்த உயரமும் போதும்.

சாதனை நிகழ்ச்சி நடத்துகிறவர்களே, சுற்றாததைக் கோள் என்று சொல்லாதீர்கள். ஆயிரம் பிள்ளையை ஒரு ராக்கெட்டுக்குக் கூப்பிடும் செலவில், ஆயிரம் பிள்ளைக்கு ஆளுக்கொரு காகித ராக்கெட் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். உலக சாதனை கிடைக்காது. அது பரவாயில்லை.

அரசாங்கமே, சிறு மோட்டார் என்று ஒரு தனி வகை வையுங்கள். எண் அச்சடித்து, சோதித்து, பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் மட்டும் விற்கட்டும். சிவகாசியில் அதைச் செய்யத் தெரியாதவர்களா? இயந்திரம் திணிக்கட்டும், பெண்களின் விரல் வேண்டாம். சீசன் முடிந்தால் வேலை இல்லை என்கிற ஊருக்கு, ஆண்டு முழுக்க ஓடும் நிதானமான ஒரு சரக்கு கிடைக்கும்.

இவையெல்லாம் நடக்கும்வரை பாட்டில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சைக்கிள் பம்ப் இருக்கிறது. பம்ப் அடிக்கும்போது பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்கள், கீறல் விழுந்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். வேறு சாக்கு சொல்ல முடியாது.

போன வாரம் அக்கா பையன் போன் செய்தான். தனியாகவே பசங்களைச் சேர்த்துக்கொண்டு விடுகிறானாம். பதினேழாவது பறத்தல்.

“மாமா, இருபத்திரண்டு மீட்டர்னு எழுதியிருந்தேன். முப்பத்தொண்ணு வந்துச்சு.”

“சூப்பர்டா” என்றேன், வாய் தவறி.

“என்ன சூப்பர்? ஒம்போது மீட்டர் தப்பு” என்றான். “தண்ணி குறைச்சல்னு நெனைக்கிறேன். நாளைக்கு மறுபடி விட்டுப் பாக்குறேன்.”

அந்த ஃபிரேம் இன்னும் டிவிக்கு மேலேதான் இருக்கிறதாம். அக்கா எடுக்க விடமாட்டாள். இருக்கட்டும். ஷோகேஸில் இருந்த ராக்கெட்டை மட்டும் அவன் பிரித்துவிட்டான். இறக்கைகள் வேண்டியிருந்ததாம்.